இறக்கை நீங்கலாக

வடிவப் பதிவு அலுவலகத்தின் வாசலில் ஒரு பலகை தொங்கும். 'இங்கே அழகு பற்றிப் பேசக் கூடாது.'

உலகத்தில் உள்ள அழகான சாமான்கள் எல்லாம் தங்களுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும் என்று வந்து நிற்கிற இடம் அது. பூ ஜாடி வரும், விளக்குக் கூண்டு வரும், மூக்குக்கண்ணாடிச் சட்டம் வரும். கொண்டு வருகிறவர்கள் வாயைத் திறந்தாலே 'இது எவ்வளவு அழகு பாருங்க' என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதனால் வேலை கெட்டது. ஆகவே பலகை. அந்தப் பலகையின் ஆணி ஒன்று கழன்று, அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நிமிர்த்தி வையுங்கள் என்று யாராவது சொன்னால் அது அழகு பற்றிப் பேசியதாக ஆகிவிடும். பதினோரு வருஷமாக யாரும் சொல்லவில்லை.

பெரியவள் அந்தப் பலகையை இரண்டு தடவை படித்துவிட்டு உள்ளே போனாள். அவள் கையில் ஓர் அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் ஒன்பது பூச்சிகள். பின்னாலேயே சின்னவள், சாப்பாட்டுப் பையோடு.

பெரியவளும் சின்னவளும் கூடப்பிறந்தவர்கள். சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் இரண்டு தையல் மிஷின், ஒரு வெட்டு மேஜை, பின்னறையில் மற்றதெல்லாம். திரைச்சீலை தைத்துப் பிழைத்தார்கள். திரைச்சீலை தைப்பது என்றால் நேராகத் தைத்துக்கொண்டே போவது. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை நேர்கோடு. அம்மா போனபோது சின்னவளுக்கு எட்டு வயது. அன்றிலிருந்து அவளுக்குத் தலை வாரி, சோறு போட்டு, அவள் கையைப் பிடித்து எழுதப் பழக்கி, பிறகு மிஷினில் உட்காரவைத்து நேராகத் தைக்கப் பழக்கியவள் பெரியவள்தான்.

பூச்சி பிறந்த கதை சின்னது. ஒரு நாள் சின்னவள் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்துவிட்டாள். ஓரம் தீய்ந்துவிட்டது. திட்டு விழும் என்று பயந்து, தீய்ந்த ஓரத்தை உள்ளே மடித்து மறைத்தாள். பெரியவள் அதைக் கண்டுபிடித்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், மடிப்பைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அதையே இன்னும் இரண்டு மடிப்பு மடித்து, நடுவில் நாலு தையல் போட்டாள். இறக்கை மாதிரி நின்றது. இன்னொன்று செய்தாள். நடுவில் பஞ்சு அடைத்து உடம்பு வைத்து, முதுகில் கம்பியை வளைத்து ஒரு கொக்கி மாட்டினாள். ஒதுக்கிக் கட்டிய திரைச்சீலையில் அதைப் பொருத்தினால், ஜன்னலோரம் அந்துப்பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"துணி தைக்கிறவளே அந்துப்பூச்சி வளக்கிறியா?" என்று கீழே சைக்கிள்காரர் சிரித்தார். சிரித்துவிட்டு, தன் வீட்டுக்கு இரண்டு கேட்டார்.

பிறகு அடுத்த வீடு, எதிர் வீடு. ஒன்பது விதமாக இறக்கையை மடித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மிஷின் சத்தத்துக்கு நடுவே ஒரு பெயர் வைத்தார்கள்: சோம்பேறி, புதுப்பெண், கோபக்காரி, ஒட்டுக்கேட்பவள். எது யார் செய்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் பெரிய கடையின் கொள்முதல்காரர். "சாமான் நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா இது உங்களோடதுன்னு காகிதம் இருக்கா? இருந்தா உங்ககிட்டயே வாங்குவோம், வருஷம் முழுக்க. இல்லேன்னா நாங்களே செஞ்சுக்குவோம். தப்பா எடுத்துக்காதீங்க. சொல்லிட்டுச் செய்யறதுதான் எங்க கடையோட நேர்மை."

அந்தக் காகிதத்துக்காகத்தான் வந்திருந்தார்கள். கிடைத்தால் இனிமேல் நேர்கோடு தைக்க வேண்டாம்.

முதல் ஜன்னலில் இருந்தவர் பெட்டியைத் திறக்கவில்லை.

"என்ன பொருள்?"

"பூச்சிங்க. திரைச்சீலையைப் பிடிச்சுக்கிறது."

"உயிரோட இருக்கா?"

"துணிங்க."

"எத்தனை?"

"ஒன்பது."

"ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு வடிவம்."

"ஒன்பதும் ஒரே பூச்சிதாங்க. இறக்கை மட்டும் ஒண்ணொண்ணுலயும் ஒரு மாதிரி மடிஞ்சிருக்கும்."

"ஒரே பூச்சின்னா ஒண்ணு போதுமே. மிச்சம் எட்டை எதுக்குச் சுமந்துட்டு வந்தீங்க?"

"ஒண்ணை மட்டும் பதிஞ்சா, கடைக்காரங்க இறக்கையை ஒரு விரக்கடை கூட மடிச்சுட்டு, இது வேற பூச்சின்னு சொல்லிடுவாங்களாமே."

"சொல்வாங்க. அது அவங்க உரிமை."

"அப்போ ஒன்பதும் வேற வேறன்னே எழுதிக்குங்க."

"வேற வேறன்னா ஒன்பது விண்ணப்பம். ஒரு ஆள் வருஷத்துக்கு ஒரு விண்ணப்பம்தான் போடலாம். ஒன்பதாவது பூச்சிக்கு ஒன்பதாவது வருஷம் வாங்க."

பெரியவள் திரும்பித் தங்கையைப் பார்த்தாள். சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போது அது சிரிக்கக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது.

ஜன்னல்காரருக்கு இரக்கம் வந்தது. விதிப்படி ஒரு வழி இருக்கிறது என்றார். ஒன்பதும் ஒன்றின் மாறுபாடுகளே என்று சத்தியம் செய்து கொடுத்தால் ஒரே விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் அடக்கிவிடலாம். அதற்கு அச்சடித்த படிவமே இருந்தது. வாசிக்கச் சொன்னார். பெரியவள் எழுந்து நின்று வாசித்தாள்:

"இறக்கை மடிந்திருந்தாலும், விரிந்திருந்தாலும், மடியாமலும் விரியாமலும் இருந்தாலும், இனிமேல் எவராலும் எவ்விதமாக மடிக்கப்பட்டாலும், அவை எல்லாம் ஒரே பூச்சியே அன்றி வேறில்லை என்று உறுதி கூறுகிறேன்."

"நல்லது," என்றார் ஜன்னல்காரர். "இப்போ ஒன்பதுக்கும் படம் வேணும். முன்பக்கம், பின்பக்கம், இடது, வலது, மேலே, கீழே, அப்புறம் சாய்வா ஒண்ணு."

"எல்லாம் ஒரே பூச்சின்னு இப்பத்தானே சத்தியம் வாங்கினீங்க?"

"ஒண்ணுதான்னு நிரூபிக்க ஒன்பதையும் காட்டணுமில்ல?"

அறுபத்து மூன்று படம். பெரியவள் ஒரு வாரம் மிஷினைத் தொடவில்லை. வெட்டு மேஜையில் காகிதத்தை விரித்து, தையல்காரிக்குத் தெரிந்த முறையில் வரைந்தாள். தையல்காரர்களின் அளவுக் காகிதத்தில் இரண்டு விதக் கோடுதான். வெட்ட வேண்டிய இடம் முழுக்கோடு; தைக்க வேண்டிய இடம் புள்ளிக்கோடு. இறக்கை தையலால் நிற்பது. ஆகவே இறக்கைகளை எல்லாம் புள்ளிப் புள்ளியாக, ஒரு புள்ளி பிசகாமல் வரைந்தாள். கொக்கி கம்பி. கம்பியில் தையல் ஏது? அதை ஒரே இழுப்பில் முழுக்கோடாக வரைந்துவிட்டாள்.

படங்களைக் கொடுத்த அன்று விண்ணப்பத்தில் கடைசியாக ஒரு கட்டம் பாக்கி இருந்தது. 'உருவாக்கியவர் பெயர்.' ஒரே வரி. அதுவும் குட்டை வரி.

பெரியவள் தன் பெயரை எழுதினாள். பேனா தயங்கவில்லை. சின்னவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

ஜன்னல்காரர் தேதி முத்திரையைக் குத்தினார். "இந்தத் தேதிதான்மா உங்க உயிர். இதுக்கு அப்புறம் யார் பூச்சி கொண்டு வந்தாலும் அவங்க உங்களுக்குப் பின்னாடிதான்."

இரண்டு மாதம் கழித்துப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். பரிசோதகர் கழுத்து வரை பொத்தான் போட்டவர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளை நீளமான நடை வழியாகக் கூட்டிப் போனார்.

"ரெண்டு பொருள் ஒண்ணா வேறயான்னு நாங்க முடிவு பண்ண முடியாது. நாங்க நிபுணர்கள். எங்களுக்கு எல்லாமே வித்தியாசமாத் தெரியும். சட்டம் என்ன சொல்லுதுன்னா, ஒரு சராசரி ஆள் பார்த்தா எப்படித் தெரியுமோ அதுதான் கணக்கு. அதுக்காக ஒரு சராசரி ஆளை நிரந்தரமா வேலைக்கு வெச்சிருக்கோம்."

கதவைத் திறந்தார். சுண்ணாம்பு அடித்த வெறும் அறை. சுவரில் நாள்காட்டிகூட இல்லை. நாற்காலியில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழுக்கையும் இல்லை, முடியும் இல்லை. அப்படி ஒரு தலை.

"இருபத்திரண்டு வருஷமா இருக்கார்," என்றார் பரிசோதகர் தாழ்ந்த குரலில். "பதவி உயர்வு கிடையாது. உயர்ந்துட்டா சராசரி இல்லாமப் போயிடுவாரே. மாசத்துக்கு ஒரு தடவை ரசனை ஏதாவது வளந்திருக்கான்னு சோதிப்போம். போன வருஷம் நடையில போகும்போது அந்தி வானத்தைக் கொஞ்சம் நேரம் பாத்துட்டார். ரெண்டு வாரம் சம்பளமில்லா விடுப்பு குடுத்துத் தெளிய வெச்சோம். ஜன்னலை அப்போதான் அடைச்சோம்."

ஒன்பது பூச்சிகளையும் சராசரிக்காரர் முன்னால் வரிசையாக வைத்தார்கள். அவர் கட்டிய கையை அவிழ்த்தார். குனிந்தார்.

"இது தூங்குது," என்றார். "இது யார் மேலயோ கோவமா இருக்கு. இது... இது சுவத்துல காதை வெச்சுக் கேக்குது."

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொன்னது அப்படியே ஒட்டுக்கேட்பவள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில்," என்றார் பரிசோதகர். "ஒண்ணா? வேறயா?"

சராசரிக்காரர் அவளைப் பார்த்தார். "உங்களுக்கு எப்படி வேணும்மா?"

"ஒண்ணுன்னு வேணுங்க."

"ஒண்ணுதாங்க," என்றார் சராசரிக்காரர். பிறகு மெல்ல, "அழ..." என்று ஆரம்பித்துப் பரிசோதகரைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். பரிசோதகர் எதையோ குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை யாராவது போய் 'ஏதாவது தகவல் உண்டா' என்று கேட்டுவிட்டு வர வேண்டும். கேட்காவிட்டால் ஆர்வம் இல்லை என்று விண்ணப்பத்தைக் கட்டி வைத்துவிடுவார்கள்.

"நீ தை, நான் போய்ட்டு வரேன்க்கா," என்றாள் சின்னவள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் தலைவாரிக்கொண்டு கிளம்பினாள். அவளுக்கு அந்த அலுவலகம் பழகிவிட்டது. எந்த ஜன்னலில் யார், யாருக்கு எப்போது கொட்டாவி வரும் என்பதெல்லாம் வந்து நடித்துக் காட்டுவாள். பெரியவள் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள்.

ஒரு திங்கட்கிழமை சின்னவள் ஒரு கடிதத்தை மேஜைமேல் வைத்தாள். "இது வந்திருக்கு," என்றாள். அதை நடித்துக் காட்டவில்லை.

பெரியவள் மறுநாள் காலையிலேயே அலுவலகத்துக்கு ஓடினாள். பரிசோதகர் படங்களை எடுத்து வைத்திருந்தார்.

"இவ்வளவு சுத்தமான படத்தை நான் பார்த்ததே இல்லை," என்றார். "அதனாலதான் சங்கடமா இருக்கு. வடிவப் படத்துல முழுக்கோடு போட்டா 'இது என்னோடது'ன்னு அர்த்தம். புள்ளிக்கோடு போட்டா, 'இது என்னோடது இல்லை, பக்கத்துல சும்மா இருக்கு'ன்னு அர்த்தம். நீங்க இறக்கை முழுக்கப் புள்ளிக்கோடு போட்டிருக்கீங்க. அறுபத்து மூணு படத்துலயும். அதாவது, இறக்கையை நீங்க கேக்கவே இல்லை."

"தையல் போடற இடம்னா புள்ளிக்கோடுதானேங்க போடுவோம்."

"இங்கே யாரும் தைக்கிறதில்லையேம்மா."

"ஒன்பது விதமா இறக்கை மடியுதுன்னு சத்தியம் வாங்கினீங்க. அந்தச் சராசரி ஐயா இறக்கையைத்தானே பார்த்தார்? அப்போ நீங்க ஒருத்தரும் சொல்லலியே."

"நாங்க கேக்கறதைக் குடுக்கற அலுவலகம். கேக்காததைக் கேளுங்கன்னு சொன்னா அது பாரபட்சமாயிடும். இப்போதைக்குக் கொக்கி மட்டும் உங்களோடது. அது முழுக்கோடு. ரொம்ப நல்ல கொக்கி."

"திருத்திக் குடுத்துடறேங்க. இங்கேயே உக்காந்து கோட்டைச் சேத்துடறேன்."

"தாராளமா. ஆனா திருத்தினதுக்குத் திருத்தின தேதிதான். கொக்கிக்குப் பழைய தேதி. இறக்கைக்கு இன்னைத் தேதி."

இன்றுதானே என்று பெரியவள் நினைத்தாள். இரண்டு மூன்று மாதத்தில் என்ன முழுகிப் போய்விடும்? சாயங்காலம் வரை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, புள்ளிக்குப் புள்ளி இடையில் இருந்த அத்தனை இடைவெளியையும் மூடினாள். விரல் மரத்துப் போனது. முத்திரை விழுந்தது.

அடுத்த மாதம் அலுவலகத்தின் அறிவிப்பு இதழ் வந்தது. பதிவுக்குத் தகுதியான வடிவங்களை அதில் அச்சடிப்பார்கள். பெரியவள் முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். பதினேழாம் பக்கத்தில் அவளுடைய பூச்சி இருந்தது. சோம்பேறி. அவள் வரைந்த அதே படம். இடது இறக்கையின் நுனியில் பென்சில் கொஞ்சம் வழுக்கி வெளியே போயிருந்தது; அந்த வழுக்கலும் அப்படியே இருந்தது. ஆனால் கோடு முழுக்கோடு. கொக்கி மட்டும் புள்ளிக்கோடு. தேதி, அவள் பெஞ்சில் உட்கார்ந்து திருத்திய நாளுக்கு முந்தின நாள். ஒரு திங்கட்கிழமை.

உருவாக்கியவர் என்ற இடத்தில் சின்னவளின் பெயர்.

பெரியவள் அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தாள், அதை எழுதப் பழக்கியவளே அவள் என்றாலும்.

சின்னவள் மிஷினில் இருந்தாள். பெரியவள் இதழை விரித்து, ஊசிக்குப் பக்கத்தில் வைத்தாள். மிஷின் நின்றது.

"பாத்துட்டியா," என்றாள் சின்னவள்.

"என் படத்து மேலயே கோடு போட்டிருக்கே."

"எனக்கு வரைய வராதே. கடுதாசியோட உன் படத்தோட நகலும் குடுத்திருந்தாங்க."

"அந்தக் கடுதாசி உன் கைக்கு எப்போ வந்துச்சு?"

"வியாழக்கிழமை."

"திங்கக்கிழமைதானே என்கிட்டே குடுத்தே?"

சின்னவள் பாபினைக் கழற்றினாள், திரும்பப் போட்டாள்.

"நாலு நாள்," என்றாள் பெரியவள். "நாலு நாளும் என் பக்கத்துலதானே படுத்தே? நாலு நாளும் நான் போட்ட சோத்தைத்தானே தின்னே?"

"தீஞ்ச துணியை மடிச்சது யாருக்கா?"

"பயந்து மடிச்சே."

"பயந்து மடிச்சாலும் மடிச்சது நான்தானே? அந்தக் கட்டத்துல பேர் எழுதினியே, நான் பக்கத்துலயே நின்னேன். நீ ஒரு தடவை திரும்பிப் பாப்பேன்னு நின்னேன்."

"அதுல ஒரு பேர் எழுதத்தான் இடம் இருந்துச்சு."

"ஆமா. என் விண்ணப்பத்துலயும் ஒரு பேருக்குத்தான் இடம் இருந்துச்சு."

"வாயைத் திறந்து கேட்டிருக்கலாமேடி."

"உன்கிட்டயா? உன்கிட்ட எது கேட்டாலும் 'எல்லாம் உனக்குத்தான் செய்யறேன்'னு சொல்லுவே. எனக்குன்னு நீ செஞ்சதுல என் பேர் எதுல இருக்கு, சொல்லு பாப்போம்."

பெரியவளுக்கு அழுகை வந்தது. அதை இவள் முன்னால் அழப் பிடிக்கவில்லை. பின்னறைக்குப் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தாள். அன்று இருவரும் பாக்கி இருந்த திரைச்சீலைகளைத் தைத்து முடித்தார்கள். நேராகத்தான் தைத்தார்கள்.

பெரியவள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தாள். தலைமைப் பரிசோதகரே விசாரணைக்கு உட்கார்ந்தார். அக்காவை ஒரு பெஞ்சிலும் தங்கையை எதிர் பெஞ்சிலும் உட்கார வைத்தார்கள். காலையில் ஒரே பேருந்தில் வந்தவர்கள். வேறு வேறு படிக்கட்டில் இறங்கியிருந்தார்கள்.

பெரியவளுக்குப் பேச ஆரம்பித்ததும் இருமல் வந்தது. சின்னவள் கை தன்னால் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டியது.

"எதிர்த் தரப்புக்குள்ள பொருள் கைமாறக் கூடாது," என்றார் சேவகர்.

சின்னவள் பாட்டிலை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஐயா, இது நான் வரைஞ்ச படம்," என்றாள் பெரியவள். "இந்தக் கோடு வழுக்கியிருக்கு பாருங்க, அது என் கை வழுக்கினது. ஒன்பது பூச்சியும் முதல்ல இங்கே கொண்டு வந்தது நான். உங்க ஆளுங்களே எண்ணிப் பாத்தாங்க."

"எண்ணினோம். கேக்காததையும் எண்ணுவோம். அது எங்க மரியாதை," என்றார் தலைமைப் பரிசோதகர். "ஒரு சந்தேகம். எதிர்த் தரப்போட பூச்சியும் உங்க ஒன்பது பூச்சியும் ஒண்ணா, வேறயா?"

"ஒண்ணுதாங்க! அதைத்தானே சொல்றேன்."

சராசரிக்காரரைக் கூப்பிட்டார்கள். கண் கூசியபடி வந்தார். இந்தத் தடவை அவர் யாரையும் பார்க்கவில்லை. "ஒண்ணு," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

தலைமைப் பரிசோதகர் சத்தியப் படிவத்தைப் பிரித்தார். "நீங்க எழுந்து நின்னு வாசிச்சது. 'எவராலும் எவ்விதமாக மடிக்கப்பட்டாலும் ஒரே பூச்சியே.' ஆக, அவங்களோடதும் உங்களோடதும் ஒண்ணு. அது சட்டப்படி இங்கே திங்கக்கிழமை வந்துச்சு. உங்களோடது செவ்வாய்க்கிழமை வந்துச்சு. அப்போ யாரைப் பார்த்து யார் செஞ்சது?"

"ஒன்பதும் வேற வேறங்க," என்றாள் பெரியவள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ஒண்ணு தூங்குது. ஒண்ணு கோவமா இருக்கு. அந்த ஐயாவே சொன்னார்."

"வேறன்னா நீங்க பொய்ச் சத்தியம் பண்ணினதா ஆகும். அது தனி ஜன்னல்." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். குரலில் ஒரு கனிவு வந்தது. "அம்மா, மனசை விட்டுடாதீங்க. இந்த அலுவலகம் நூறு வருஷத்துக்கு மேல நடக்குது. இதுவரைக்கும் ஒரு வடிவத்தைக்கூடத் தப்பான ஆளுக்குக் குடுத்ததே இல்லை. ஏன்னா, நாங்க யாருக்குக் குடுக்கிறோமோ அவங்கதான் சரியான ஆள். அதுக்கு முன்னாடி யாரு சரியான ஆள்னு யாருக்குத் தெரியும்? எங்களுக்கே தெரியாது. செஞ்சவங்க யாருன்னு தேட ஆரம்பிச்சா இந்த உலகத்துல ஒரு சான்றிதழ்கூட எழுத முடியாது. உங்களையும் வெறுங்கையா அனுப்பப் போறதில்லை."

வெறுங்கையாக அனுப்பவில்லை. தங்க ஓரம் போட்ட சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். 'திரைச்சீலை ஒதுக்கும் கொக்கி. இறக்கை நீங்கலாக.'

பெரிய கடைக்குக் காகிதம் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் வேண்டும். சின்னவளைக் கடையின் மாதிரி அறைக்கு மேற்பார்வையாளராக வைத்துக்கொண்டார்கள். தங்க இடமும் அங்கேயே. அவள் துணிமணியைக் கட்டிக்கொண்டு போன அன்று பெரியவள் வேண்டுமென்றே நூல் வாங்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது சின்னவளின் மிஷினுக்கு உறை போட்டிருந்தது. மடிப்பில்லாமல், நேராக.

ஒரு நாள் பெரியவள் பெரிய கடை வழியாகப் போக நேர்ந்தது. கண்ணாடிக்கு உள்ளே சின்னவள் ஏணியில் நின்று, பெரிய பெரிய திரைச்சீலைகளில் பூச்சிகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். பூச்சிகள் நிற்கவில்லை. பசையில் ஒட்டினால் கறை விழுந்தது. குண்டூசியில் குத்தினால் துணி கிழிந்தது. ஒவ்வொன்றாகத் தலைகுப்புற விழுந்துகொண்டிருந்தன. பெரியவளுக்கு ஓடிப்போய் ஏணியைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. அது எப்படிப்பட்ட ஆசை என்று தன்மேலேயே ஆத்திரப்பட்டுக்கொண்டு நடந்தாள்.

அடுத்த வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சின்னவள் படியேறி வந்தாள். புது உடுப்பு. கையில் ஒரு படிவம்.

"எப்படி இருக்கே?"

"இருக்கேன்."

"கொக்கி வேணும்க்கா. அது இல்லாம நிக்க மாட்டேங்குது. கடைக்காரங்க இந்தக் காகிதத்தைக் குடுத்தனுப்பினாங்க. நீ சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா அலுவலகத்துல கொக்கியை என் பேருக்கு மாத்திக் குடுத்துடுவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "இல்லேன்னா என்னை நிறுத்திடுவாங்க போலிருக்கு," என்றாள்.

பெரியவள் வெட்டு மேஜையில் படிவத்தை விரித்தாள். பெயர், தொழில், சான்றிதழ் எண். நிதானமாக நிரப்பிக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு கட்டம்: 'கோரும் தரப்புக்கும் உங்களுக்கும் உள்ள உறவு.' கீழே பொடி எழுத்தில், உறவு இருந்தால் கூட்டுச் சேர்ந்து செய்வதாகக் கருதி விசாரணைக்கு அனுப்பப்படும் என்று போட்டிருந்தது.

பெரியவள் பொடி எழுத்தைப் படித்தாள். நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். சின்னவளும் அந்த எழுத்தை முன்பே படித்திருக்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

பெரியவள் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். சிறு பிள்ளைக்கு எழுதிக் காட்டுவதுபோலத் தெளிவாக எழுதினாள். கையெழுத்தைப் போட்டுப் படிவத்தை நகர்த்தி வைத்தாள்.

ஒரு வார்த்தை போதும். 'என்னக்கா இது' என்று ஒரு வார்த்தை. கொக்கி என்ன, மிஷினையும் மேஜையையும்கூட எழுதிக் கொடுத்திருப்பாள்.

சின்னவள் படிவத்தை எடுத்தாள். அக்கா பழக்கியபடியே, ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்து மேலிருந்து படித்தாள். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது. கீழே சைக்கிள்காரர் யாருக்கோ காற்றடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நிற்கும்வரை விரலும் அங்கேயே நின்றது.

"சரியா இருக்கு," என்றாள். "ஏத்துக்குவாங்க."